தாத்தாவின் பாஸ்போர்ட்டை நீ கேட்டதால்

பந்தலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி சற்றுத் தேவலை. மழை வலுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். தேவாலாவில் கொட்டத் தொடங்கிவிட்டது. இனி ஆவணி வரைக்கும் துணி காயாது. போன வாரம் யானை வந்து பின்பக்க வாழையை மொத்தமாக முறித்துப் போட்டுவிட்டது. நல்லவேளை, தேயிலைப் பக்கம் இறங்கவில்லை. சின்னவன் கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனான்.

போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்கும்போதெல்லாம் கனடாவில் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. எழுதி முடிக்கும் வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீ சொன்னபடி தாத்தாவின் பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிச் சின்னவனிடம் கொடுத்தேன். அனுப்பிவிட்டான், நீயும் பார்த்துவிட்டாய் என்றான். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எதற்குக் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன்: எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நீயே படித்துவிட்டுப் போடு. நகல் ஒன்று எடுத்து வை.

தகரப் பெட்டியைத் திறந்து வெகு காலமாகிவிட்டது. பாஸ்போர்ட்டின் ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது. மற்றபடி முழுசாக இருக்கிறது. நாங்கள் இலங்கையை விட்டுக் கிளம்பியபோது தலைமன்னாரில் குத்திய முத்திரையின் மை ஊறிப் பின்பக்கத்திலும் தெரிகிறது. குடும்பம் முழுவதையும் ஒரே படத்தில் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். தாத்தாவின் கோட்டு அங்கே ஹட்டன் ஊரில் படக்கடைக்காரர் கொடுத்தது. எடுத்து முடித்ததும் கழற்றி அடுத்த குடும்பத்துக்குக் கொடுத்தார். என் தலையை யாரோ பிடித்துத் திருப்பியதுபோல இருக்கும். திருப்பியது அம்மாயிதான். உற்றுப் பார், என் வலது காதுக்குப் பக்கத்தில் அம்மாயியின் இரண்டு விரல் நுனி விழுந்திருக்கிறது. அனுப்பிய படத்தில் அது தெரியாது, அசலில்தான் தெரியும். அசலைத் தபாலில் அனுப்பச் சொல்லாதே, அனுப்ப மாட்டேன். வரும்போது வந்து பார்.

என் பிறந்த தேதி அதில் ஜனவரி 1 என்று இருப்பதை நீ கவனித்திருப்பாய். நான் பிறந்தது நல்ல மழைக்காலத்தில் என்று அம்மாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தது. நிரப்பியவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் தாத்தா. என்ன எழுதியிருக்கிறது என்று தாத்தா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, வேலையில் சேர்ந்தது, ஓய்வு பெற்றது எல்லாமே அந்த ஜனவரி 1 கணக்கில்தான். இதற்காகத்தான் படித்துவிட்டுப் போடு என்கிறேன்.

நான் பிறந்த வருடம் 1964. அந்த வருடம் அக்டோபர் 30ஆம் தேதிதான் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கையில் இருந்த நம் ஆட்களில் நாடற்றவர்கள் என்று 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். பிறகு பார்த்தபோது, 1974இல், ஆளுக்குப் பாதியாக எழுபத்தைந்தாயிரம் பேரைப் பங்கிட்டுக்கொண்டார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழித்தல் கணக்கு நடத்தும்போதெல்லாம் இந்த எண்கள்தான் என் நினைவுக்கு வரும். ஒரு முறைகூட அவற்றைக் கரும்பலகையில் எழுதியதில்லை.

உன் கொள்ளுத்தாத்தா 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டவர். இலங்கை மலையகத்தில் அந்த முறை நம் ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடம் ஜெயித்தது. மறு வருடம் நவம்பர் 15ஆம் தேதி நம் ஆட்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. அதற்கடுத்த வருடம் ஓட்டும் போயிற்று. 1823 முதல் நம் ஆட்கள் காடு வெட்டி, காப்பி நட்டு, காப்பியை நோய் அழித்தபின் தேயிலை நட்ட மலை அது. வேலைக்குப் போன இடத்தில் வேலை இருந்தது, குடியிருக்க லயம் என்ற வரிசை வீடு இருந்தது, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டார்கள். ஓட்டர் பட்டியலில் மட்டும் பெயர் இல்லை. தாத்தா அங்கே இருந்தவரை ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. ஓட்டுப் போடும் வயது அவருக்கு வருவதற்குள் ஓட்டே இல்லாமல் போய்விட்டது.

பெரிய தாத்தா இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார், நம் தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பிரா அறைகளில் இருந்த அண்ணனும் தம்பியும். ஏன் என்று நீ சின்ன வயதில் கேட்டபோதெல்லாம் அப்பா பேச்சை மாற்றிவிடுவார். அது அந்தக் கல்யாண விவகாரம்தான் என்று உனக்கே இப்போது தெரியும். அதைக் கிளற வேண்டாம். ஆனால் பெரிய தாத்தாவின் கடைசி மகனுக்கு, அங்கேயே பிறந்து அங்கேயே கொழுந்து சுமந்தவனுக்கு, 2003இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் அந்த நாட்டுக் குடியுரிமை உறுதியாயிற்று என்பதை மறந்துவிடாதே. நாங்கள் இங்கே வந்து வேர்விட்டு, நீ பிறந்து, பள்ளிக்கூடம் போன பிறகும் அவர்கள் அங்கே ஒரு தாளுக்காகக் காத்திருந்தார்கள்.

நாங்கள் கிளம்பியது 1974. அந்த வருடங்களின் பஞ்சத்தைப் பற்றி அம்மாயி சொல்லி நீ கேட்டிருக்கிறாய். கோச்சியில், அதாவது ரயிலில், ஏறும்போது அழாதவர் இல்லை. ராமானுஜம் கப்பலில் சில மணி நேரம். அந்தப் பக்கம் இறங்கினால் மண்டபம் முகாம். இலங்கையில் எங்களை இந்தியாக்காரன், கள்ளத்தோணி என்று சொல்லி அனுப்பினார்கள். இங்கே வந்தால் சிலோன்காரர்கள் என்றார்கள். துறையூர்ப் பக்கம் சொந்தக்காரர்களைத் தேடித் தாத்தா ஒரு முறை போனார். காப்பி கொடுத்து உட்கார வைத்துவிட்டு, நிலத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறாரோ என்று உள்ளே பேசிக்கொண்டார்கள். காதில் விழுந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அவர்கள் பேசியதும் தமிழ், அவர் பேசியதும் தமிழ். ஒரே மொழி, ஒரே ரத்தம் என்று பாடப் புத்தகத்தில் நான் வாசிக்கும்போது அந்த டம்ளர்தான் கண்ணுக்கு முன்னால் வரும்.

நாடு என்றால் என்ன என்பதற்கு 1933இல் உருகுவேயில் மான்டெவிடியோ என்ற ஊரில் ஒப்பந்தம் எழுதினார்கள் என்று ஆசிரியர் பயிற்சியில் படித்தேன். நிலையான மக்கள் வேண்டும், வரையறுத்த எல்லை வேண்டும், அரசு வேண்டும், பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் தகுதி வேண்டும். நான்கே நான்கு. அப்படிப் பார்த்தால் தைவானுக்கு நான்குமே இருக்கிறது. 1971க்குப் பிறகு ஐக்கிய நாடுகள் சபையில் இடம்தான் இல்லை. அந்த நான்கில் மக்களைக் கேட்க வேண்டும் என்ற ஐந்தாவது இல்லாததுதான் எனக்கு உறுத்தல். நிலையான மக்கள் என்று எழுதியிருக்கிறார்களே தவிர, அந்த மக்களுக்கு எது விருப்பம் என்று விசாரிக்க வேண்டுமென்று எழுதவில்லை.

நாம் இருக்கும் இந்த மண்ணையே எடுத்துக்கொள். கூடலூரும் பந்தலூரும் மலபார் மாவட்டத்து வயநாட்டில் இருந்தன. 1877இல் வெள்ளைக்காரன் இதை வெட்டி நீலகிரியோடு ஒட்டினான். 1956இல் மலபார் கேரளாவுக்குப் போயிற்று, இது இங்கேயே தங்கிவிட்டது. அந்த ஒட்டு மட்டும் நடந்திருக்காவிட்டால் நான் மலையாளத்தில் பாடம் நடத்தியிருப்பேனோ என்னவோ. ஒருவேளை நம்மை இங்கே கொண்டுவந்து குடியேற்றியே இருக்க மாட்டார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசாங்கம் இந்த மலையில் தேயிலை நடத் தொடங்கியது. அதுதான் பிற்பாடு டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆயிற்று.

அதற்கும் முன்னால் இங்கே யார் இருந்தார்கள்? பணியர்கள் இருந்தார்கள், காட்டுநாயக்கர்கள் இருந்தார்கள். ஒரு முறை நம் நாடு என்று தலைப்புக் கொடுத்துப் பிள்ளைகளைப் படம் வரையச் சொன்னேன். மற்ற பிள்ளைகள் கொடியும் காந்தித் தாத்தாவும் வரைந்தார்கள். ஒரு பணியர் வீட்டுப் பெண் ஓர் ஓடை வரைந்தாள். ஓடைக்கு இந்தப் பக்கம் அவர்கள் குடிசை, அந்தப் பக்கம் மூங்கில், மூங்கிலுக்கு அப்பால் அத்தை வீடு, அதை ஒட்டிப் பாட்டியைப் புதைத்த இடம். அத்தை வீடு கேரளாவில் இருக்கிறது. செக்போஸ்ட்டைத் தாண்டிப் போக வேண்டும். அவள் வரைந்த தாளில் செக்போஸ்ட் இல்லை. எல்லைக் கோடு எங்கே என்று நான் கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. முழு மதிப்பெண் போட்டுக் கொடுத்தேன். பிறகு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, இதற்கு எப்படி முழு மதிப்பெண் என்று கேட்டதும் உனக்குத் தெரியும், நான் என்ன பதில் சொன்னேன் என்பதும் தெரியும்.

நாம் வந்து உட்கார்ந்ததும் அவர்கள் நடமாடிய இடத்தில்தான். எங்களைக் கேட்காமல் அனுப்பினார்கள், அவர்களைக் கேட்காமல் எங்களைக் குடியேற்றினார்கள். இதைச் சொன்னால் இங்கே பலருக்குப் பிடிக்காது. நாமே கஷ்டப்பட்டு வந்தவர்கள், இதில் நமக்கு என்ன என்பார்கள். கஷ்டப்பட்டவர்களுக்குத்தான் இது புரிய வேண்டும் என்பேன். இதற்கு மேல் நம் வீட்டுப் பட்டா வேறு. நிலம்பூர்க் கோவிலகம் என்ற அரச குடும்பத்துப் பரம்பரைச் சொத்தான ஜன்ம நிலம், 1969இல் ஜன்ம ஒழிப்புச் சட்டம், அதன் மேல் வழக்கு என்று நான் வந்த காலம் முதல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தியாவின் குடிமகள், ஓட்டு இருக்கிறது, ஆதார் இருக்கிறது; காலுக்குக் கீழே இருக்கும் மண்ணுக்கு மட்டும் இன்னும் தாள் இல்லை.

நீ அங்கே போன புதிதில் உன் வீட்டுக்கார அம்மா சொன்னதாக ஒரு கதை சொன்னாய் அல்லவா? அதை நான் விடவில்லை. கூடலூர் நூலகத்தில் தேடினேன், சின்னவனை விட்டும் தேடச் சொன்னேன். நீ இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து ஒரு காலத்தில் கனடாவில் சேராமல், தன்னாட்சி கொண்ட தனி டொமினியனாகவே இருந்திருக்கிறது. கடன் தாங்காமல் 1934இல் தன்னாட்சியை விட்டுக்கொடுத்திருக்கிறது. பிறகு 1948இல் மக்களிடம் ஓட்டெடுப்பு வைத்தார்கள். ஜூன் மாதம் முதல் சுற்றில் யாருக்கும் பாதி கிடைக்கவில்லை. ஜூலை 22ஆம் தேதி மறுபடி வைத்தார்கள். கனடாவோடு சேர 52.3 சதவீதம், பழையபடி தன்னாட்சிக்கு 47.7 சதவீதம். ஏழாயிரம் ஓட்டுக்கும் குறைந்த வித்தியாசம். 1949 மார்ச் 31 நள்ளிரவுக்குச் சற்று முன்பு நாடு மாறிற்று. அந்த அம்மாவின் அப்பா கடைசிவரை தன்னைக் கனடாக்காரர் என்று சொல்லிக்கொள்ளவே இல்லை என்றாய்.

அதே 1948, பாப்பா. உன் ஊரில் மீன்பிடிக்கிறவர்கள் படகை நிறுத்திவிட்டுப் போய் எனக்கு இந்த நாடு வேண்டும், எனக்கு அது வேண்டாம் என்று சீட்டுப் போட்டார்கள். தோற்றவர்களும் ஒரு முறை கேட்கப்பட்டுத்தான் தோற்றார்கள். அந்த ஓட்டெடுப்பு முடிந்து நான்கு மாதத்துக்குள் டிக்கோயாவில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த உன் கொள்ளுத்தாத்தாவுக்கு நாடே இல்லை என்றார்கள். சட்டம் கொழும்பில் எழுதப்பட்டது. அவருக்கு வாசித்துக் காட்டக்கூட ஆள் வரவில்லை. இதை நினைத்து நினைத்து எனக்கு இரண்டு நாள் தூக்கம் கெட்டுப்போயிற்று.

ஜூலை முதல் தேதி காலையில் உங்கள் ஊரில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்க விடுகிறார்களாமே? 1916இல் பிரான்சில் போமான் ஆமெல் என்ற இடத்தில் அந்தத் தீவின் பையன்கள் ஒரே காலையில் செத்துப்போனார்கள். எண்ணூறு பேர் போனதில் மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர். கனடாவோடு சேர்ந்த பிறகு அதே தேதி அவர்களுக்குக் கனடா தினமாகவும் ஆகிவிட்டது. காலையில் துக்கம், மத்தியானத்துக்கு மேல் கொண்டாட்டம். ஒரே மனத்தில் இரண்டு நாடு இருக்க முடியும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்கார அம்மா கூப்பிட்டால் அந்தக் காலை நிகழ்ச்சிக்குப் போய் நில். கம்பளி போட்டுக்கொண்டு போ. ஜூலையானாலும் அங்கே கடல்காற்று சில்லென்று அடிக்கும் என்று நீதானே சொன்னாய்.

இரவுப் பணி முடிந்து வந்ததும் சாப்பிடாமல் படுக்காதே. ரொட்டியை மட்டும் கடித்துவிட்டுப் படுப்பதாகச் சின்னவன் சொன்னான்.

சின்னவன் வேறொன்றும் சொன்னான். அவனைத் திட்டாதே. நானாகக் கேட்கவில்லை, பேச்சோடு பேச்சாக வாயில் வந்துவிட்டது. நீ அந்தக் கனடா குடியுரிமைப் பரீட்சை எழுதிவிட்டாயாம். இருபது கேள்வி, பதினைந்து சரியாக இருந்தால் தேர்ச்சியாம், நீ பத்தொன்பது வாங்கிவிட்டாயாம். அடுத்தது உறுதிமொழிதானாம்.

பத்தொன்பது வாங்கியதை என்னிடம் சொல்ல உனக்கு மனம் வரவில்லையே. இந்த வீட்டில் நான்தான் வாத்தியார். இரண்டாம் வகுப்பிலிருந்து நீ வாங்கிய ஒவ்வொரு மதிப்பெண்ணையும் நான்தான் முதலில் பார்த்திருக்கிறேன். நர்சிங் படிப்புக்குக் கடன் வாங்கிய அன்று அப்பா சொன்னதை நினைத்துப் பார்: இவள் போகிற இடத்தில் இவளிடம் தாள் கேட்க வேண்டும், மற்றவர்கள் இவளுக்குத் தாள் எழுதக் கூடாது என்றார். அவர் அதிகம் பேசாதவர். பேசியது அந்த ஒன்றுதான்.

நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று பயந்திருப்பாய். சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்து செய். 1955ஆம் வருட இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவை எடுத்துப் படி. விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்த நாட்டுக் குடியுரிமை போய்விடும், இரண்டையும் வைத்துக்கொள்ள இடமில்லை. நீல பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும் முன் எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்து வை. வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் என்று 2005 முதல் ஓர் அட்டை கொடுக்கிறார்கள். வரலாம், போகலாம், தங்கலாம். ஓட்டு கிடையாது. விவசாய நிலமோ தோட்ட நிலமோ விலைக்கு வாங்க முடியாது. இதைப் படித்தபோது என்னவோபோல் ஆகிவிட்டது. நான்கு தலைமுறையாகத் தேயிலைத் தூரில் முதுகு வளைத்த குடும்பம். அந்தக் குடும்பத்துப் பெண் தேயிலைத் தோட்டம் ஒன்றை விலைக்கு வாங்க முடியாதாம். நீ வாங்கப் போவதில்லைதான். இருந்தாலும் சொல்கிறேன்.

ஓட்டு என்றதும் தாத்தாதான் நினைவுக்கு வருகிறார். 1977 மார்ச் தேர்தலில்தான் அவர் முதல் தடவை ஓட்டுப் போட்டார். நாற்பத்தேழு வயது. விடிவதற்கு முன்பே எழுந்து குளித்துவிட்டு, பெட்டியிலிருந்து சலவை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு, சாவடி திறப்பதற்கு வெகு நேரம் முன்பே போய் நின்றுவிட்டார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்து ஒருவர் அவர் பெயரைச் சத்தமாக வாசித்தார். தாத்தா ஆமாம் என்று சொல்லாமல், பெரட்டுக்களத்தில் சொல்வதுபோல ஓர் அடி முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார். யாருக்குப் போட்டார் என்று அம்மாயியிடம்கூடச் சொல்லவில்லை. எமர்ஜென்சிக்கு முடிவு கட்டிய தேர்தல், டீக்கடையில் ஆளாளுக்கு வாதம் நடந்தது. தாத்தா வாதத்தில் கலந்துகொள்ளாமல் மத்தியானம் வேலைக்குப் போய்விட்டார்.

நாடு என்று நான் நினைப்பது அதைத்தான். பட்டியலில் உன் பெயரை எழுதி வைத்து, உன்னைக் கேட்டுவிட்டுச் செய்கிற இடம். மலையும் மழையும் தேயிலையும் அங்கேயும் ஒன்றுதான், இங்கேயும் ஒன்றுதான். தமிழ் அங்கேயும் இருந்தது. கேட்கிற ஆள்தான் இல்லை. 2015இல் இந்தியாவும் வங்கதேசமும் எல்லையில் சிக்கிக்கிடந்த 162 திட்டுகளை மாற்றிக்கொண்டபோது, அங்கே இருந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எந்த நாடு வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, தாத்தா இருந்திருந்தால் வாசித்துக் காட்டியிருக்கலாமே என்று நினைத்தேன்.

நம் குடும்பத்தில் எந்த நாடு வேண்டும் என்று தானே முடிவு செய்கிற முதல் ஆள் நீ. தாத்தாவுக்குக் கிடைத்ததும் ஒரு விண்ணப்பம்தான். ஆனால் அவருக்கு அங்கே இருக்கவும் வழியில்லை, இங்கே யாரையும் தெரியவும் தெரியாது. உனக்கு இரண்டு கதவும் திறந்திருக்கின்றன. இதை நீ ஒளித்துச் செய்யலாமா? களவாக வந்தவர்கள் என்று நம்மை ஒரு நாடே சொன்னது. களவு மாதிரி நீயும் ஒன்றைச் செய்தால் எனக்குத் தாங்காது.

உறுதிமொழி எப்படி இருக்கும் என்று சின்னவன் தமிழில் சொல்லிக் காட்டினான். அரசர் மூன்றாம் சார்லசுக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சொல்ல வேண்டுமாம். கொள்ளுத்தாத்தா துரைக்கு முன்னால் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர். அந்த வரி எனக்கு இறங்கவில்லை, மறைக்க மாட்டேன். ஆனால் அடுத்து ஒரு வரி வருகிறதாம், 2021இல் சேர்த்தார்களாம். அந்த மண்ணின் ஆதிக்குடிகளுடைய உரிமைகளை அங்கீகரித்து உறுதி செய்கிற சட்டங்களுக்கும் கட்டுப்படுவேன் என்று. அதைக் கேட்டதும் ஓடை வரைந்த பெண்ணை நினைத்துக்கொண்டேன். உங்கள் தீவில் பியோதக் என்ற மக்கள் இருந்தார்கள், கடைசியாக அறியப்பட்ட பெண் 1829இல் காசநோயில் இறந்துபோனாள் என்று படித்தேன். ஆகவே அந்த வரியை வாய்க்குள் முணுமுணுக்காமல் நன்றாகக் கேட்கும்படி சொல். அரசர் வரியை எப்படிச் சொன்னாலும் சரி.

எந்தத் தேதி என்று எனக்குத் தெரிய வேண்டும். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போ. அங்கே இருக்கிறதா, இல்லாவிட்டால் அந்த மாம்பழ நிறப் புடவையை அனுப்பவா? பாஸ்போர்ட்டை எதற்காகக் கேட்டாய் என்று இப்போது கேட்கிறேன். வீட்டுக்கார அம்மாவுக்குக் காட்டுவதற்கா, இல்லை நீயே பார்த்துக்கொண்டிருப்பதற்கா?

அப்பாவுக்கு நான் சொல்லவில்லை. அது என் வேலை இல்லை. நீயே கூப்பிட்டுச் சொல். சின்னவன் மூலமாகச் சொல்லாதே. இப்போது உங்கள் ஊருக்கும் நமக்கும் சரியாக எட்டு மணி நேர வித்தியாசம்; அங்கே மத்தியானம் பன்னிரண்டுக்குக் கூப்பிட்டால் அவர் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். செய்தி முடியும்வரை காத்திரு. முதலில் மதிப்பெண்ணைச் சொல், மற்றதைப் பிறகு சொல்.

எந்தக் கேள்வி தவறிற்று என்பதை எனக்கு எழுது.

இப்படிக்கு,
அம்மா